மலை உச்சியில் ஓர் இரவு: சைக்கிளில் போய்ப் படுத்து எழுந்து வருவது எப்படி

பைக்பேக்கிங் என்று சொன்னால் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டு, "எத்தனை சிசி?" என்று கேட்கிறார்கள். இது பெடல் மிதிக்கிற சைக்கிள். படுக்க, உடுத்த, தின்ன வேண்டியதை எல்லாம் சைக்கிளின் உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டு, தார் ரோடு முடிகிற இடத்தில் மண் பாதைக்குள் புகுந்து போய், எங்கேயாவது தங்கிவிட்டு மறுநாள் திரும்புவது. கேரியரில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கவிடும் பழைய முறையில் சமவெளியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடக்கலாம். ஆனால் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையில் அந்த மூட்டை ஆடும், புதரில் மாட்டும், சைக்கிளைத் தள்ளும்போது காலில் இடிக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒட்டிக் கட்டுகிறோம்.

பிவி என்பது கூடாரம் இல்லாமல் தூங்குவது. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நீர் புகாத ஒரு பை. ஸ்லீப்பிங் பேக்கோடு அதற்குள் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். கம்பு நட வேண்டாம், சமதளம் பெரிதாகத் தேட வேண்டாம். கண்ணைத் திறந்தால் நேராக வானம்.

புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் ஓரிரவுப் பயணத்துக்கு, அமெரிக்காவில் ரிவென்டெல் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன் 'எஸ்24ஓ' என்று ஒரு பெயர் வைத்தார். அது சைக்கிள்காரர்களிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயணம் கிடையாது. எதை மறந்தாலும் ஒரே ஒரு ராத்திரிதான் அவஸ்தை. முதல் தடவையே நான்கு நாள், முந்நூறு கிலோமீட்டர் என்று அகலக்கால் வைப்பவர்கள் இரண்டாம் நாளே லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலானவர்கள் வழியை முதலில் போடுகிறார்கள், படுக்கிற இடத்தைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எங்கே, எந்த நேரத்தில், என்ன குளிரில், எவ்வளவு தண்ணீரோடு படுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால், எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எந்தப் பையில் என்ன போக வேண்டும் என்பதெல்லாம் தானாக விழுந்துவிடும்.

படுக்கும் இடம்

வீட்டிலிருந்து 20 முதல் 40 கி.மீ.க்குள் இருக்கும் ஒரு குன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய சிகரம் வேண்டாம். உச்சி வரை, அல்லது உச்சிக்குச் சற்றுக் கீழே வரை, சைக்கிள் போகும் பாதை இருக்க வேண்டும். கடைசி அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போவது பரவாயில்லை. வேறு ஒரு பக்கம் இறங்கும் வழியும் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த இடம் யாருடையது, இரவு தங்க அனுமதி உண்டா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வனத்துறை நிலமா, தனியார் நிலமா, பொது மேய்ச்சல் நிலமா என்பதைப் பொறுத்து விதி மாறும். நாட்டுக்கு நாடும் மாறும். "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று போனால், நள்ளிரவில் முகத்தில் டார்ச் அடிபடும்போது பதில் சொல்வது கஷ்டம். பெரிய வனவிலங்குகள் நடமாடும் இடமென்றால் அனுமதி கிடைத்தாலும் திறந்தவெளியில் படுக்காதீர்கள். அதற்குச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது, வேறு மலையைப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து வரைபடம். சமஉயரக் கோடுகள் தெரிகிற வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம். உச்சியைச் சுற்றி கோடுகள் விலகி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சியின் நெற்றியில் படுப்பது படத்துக்கு அழகு, தூக்கத்துக்குக் கேடு. காற்று முழுவதும் உங்கள் மேல்தான். அன்றைய காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், உச்சியிலிருந்து 10, 20 மீட்டர் கீழே இறங்கினால் ஒரு பாறையோ புதரோ மறைப்பாகக் கிடைக்கும். விடியலைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் எழுந்து உச்சிக்கு ஏறிக்கொள்ளுங்கள்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் தாழ்ந்த கழுத்துப் பகுதி, அதாவது கணவாய், பார்க்கப் பத்திரமாகத் தெரியும். அங்கே படுக்காதீர்கள். இரண்டு பக்கமும் அடைபட்ட காற்று அந்தச் சந்து வழியாகத்தான் பிய்த்துக்கொண்டு போகும். பள்ளமும் வேண்டாம். தெளிந்த வானமும் அசையாத காற்றுமாக இருக்கும் இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். விடியற்காலையில் அடிவாரம் உச்சியைவிடக் குளிராக இருப்பதும் உண்டு. பட்ட மரத்தடி வேண்டாம், கிளை விழும். உங்கள் நீளத்தைவிட ஓரடி அதிகமான சமதளம் போதும்; லேசான சரிவு என்றால் தலை மேல்பக்கம்.

முடிந்தால் ஒரு பகல் நேரத்தில் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வரைபடத்தில் சமதளம் என்று இருந்தது நேரில் முட்புதராக இருக்கும். அப்படியே மாற்று இடம் ஒன்றையும் உச்சிக்குக் கீழே, காற்றுக்கு மறைவாகப் பார்த்து வையுங்கள்.

பின்னோக்கி ஒரு கணக்கு

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேலே இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம்போல வெளிச்சம் இருக்கும், பூமத்திய ரேகைக்கு அருகில் அதைவிடவும் குறைவு. அதை நம்பிப் புறப்படாதீர்கள். பஞ்சர் அந்த அரை மணி நேரத்தில்தான் ஆகும்.

ஓர் உதாரணம். 20 கி.மீ. தார் ரோடு, பிறகு 8 கி.மீ. மண் பாதை, அதில் 450 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு ரோட்டில் மணிக்கு 15 கி.மீ. என்றால் ஒரு மணி இருபது நிமிடம். ஏற்றத்தில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, உயரக் கணக்குதான் உதவும். சுமையோடு, தள்ளுவதையும் சேர்த்து, மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுவது சாதாரண ஆளுக்கு நியாயமான வேகம். ஆக 450 மீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். இதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: இளைப்பாற, வழி தவற, சங்கிலி கழன்றால் மாட்ட. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி. சூரியன் 6.30க்கு மறைகிறது, நீங்கள் 5.30க்கு மேலே இருக்க வேண்டும், ஆகவே 1.45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

நடையர்களுக்கு இதே போல் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. உங்கள் பாதை ரொம்பச் செங்குத்தாக இருந்தால் சைக்கிளை மறந்துவிட்டு இந்தக் கணக்கையே போட்டுப் பாருங்கள். சுமையேற்றிய சைக்கிளைத் தள்ளும் ஆள், கைவீசி நடக்கும் ஆளைவிட மெதுவாகத்தான் போவார்.

வழியைக் கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் போட்டு, ஜிபிஎக்ஸ் கோப்பாகவும் (வழியைப் பதிந்து வைக்கும் கோப்பு) ஆஃப்லைன் வரைபடமாகவும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில்தான் வழி பிரியும்.

வானம்

முதல் பயணத்துக்கு நாள் முக்கியமில்லை, வானிலைதான் முக்கியம். இடி மின்னலுக்கு வாய்ப்பு என்று முன்னறிவிப்பில் ஒரு வார்த்தை வந்தாலும் தள்ளிப் போடுங்கள். மலை உச்சியில் நிற்கும் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலைப் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது; உடனே இறங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை ஏறக் கூடாது. பிவி பையோ தார்ப்பாயோ மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது.

குளிரைக் கணக்கிட, அடிவாரத்து ஊரின் இரவு வெப்பநிலையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 0.65 டிகிரி கழியுங்கள். 600 மீட்டர் ஏறினால் சுமார் 4 டிகிரி. முன்னே சொன்ன, குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் இரவுகளில் இந்தக் கணக்கு பொய்க்கும். ஆனால் கூடுதல் குளிருக்குத் தயாராகப் போவதில் நஷ்டமில்லை. காற்றைப் பொறுத்தவரை ஒன்று நினைவிருக்கட்டும்: வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு.

பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பின்னாகப் போனால், சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும், இரவு முழுக்க இருக்கும். டார்ச்சே தேவைப்படாது. நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுபவர்கள் அமாவாசைப் பக்கம் போகட்டும். நான் நிலாக் கட்சி.

சைக்கிள்

புதிதாக வாங்க வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்கிற, 40 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் டயர் உள்ள எந்தச் சைக்கிளும் போதும். ஏறுவதற்கு இறங்கிய கியர் வேண்டும். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் பற்கள் அதிகம் இருந்தால் நிம்மதி. பிரேக் கட்டைகளைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது அவற்றின் ஞாபகமே வராது.

பைகளும் கட்டுவதும்

வழக்கமாக மூன்று பை: ஹேண்டில்பாரில் உருளையாக ஒன்று, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று. இதற்கென்று செய்த பைகள்தான் வேண்டும் என்பதில்லை. நீர் புகாமல் வாயைச் சுருட்டி மூடும் சாதாரணப் பை ஒன்றை இரண்டு பட்டை வார்களால் ஹேண்டில்பாரில் இறுகக் கட்டினால் முதல் பயணத்துக்குப் போதும்.

விதி எளிது. கனமானது கீழே, நடுவில், இலகுவானது ஓரத்தில். தண்ணீர், கருவிகள், சாப்பாடு ஃபிரேமுக்குள். ஸ்லீப்பிங் பேக்கும் பிவியும் ஹேண்டில்பாரில். மாற்றுத் துணி சீட்டுப் பையில்.

இந்த விதியை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானகரமானது. முதல் பயணத்தில் சீட்டுப் பையின் வாய்ப்பக்கம், அதாவது வால் நுனியில், எடுக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் செருகினேன். எழுந்து நின்று மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் பை நாய் வாலாட்டுவதைப் போல இடமும் வலமும் ஆடியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இறக்கத்தில் குலுங்கிக் குலுங்கி வார் தளர்ந்து, பையின் அடிப்பக்கம் பின் டயரைத் தொட ஆரம்பித்தது. 'சர்ர்' என்று ஒரு சத்தம். காற்றுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். கீழே போய்ப் பார்த்தால் பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, உள்ளே ஒற்றைக் காலுறை மட்டும்.

ஆகவே: சீட்டுப் பையில் சீட்டுக் கம்பியை ஒட்டிய ஆழமான பகுதியில் அழுத்தமான பொருள், நுனியில் மெத்தென்ற பொருள். எல்லாம் கட்டியபின் சைக்கிளில் உட்கார்ந்து குலுக்கிப் பாருங்கள். பைக்கும் டயருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும். முன்பக்கம் உருளைப் பை பிரேக் கேபிளை மடக்குகிறதா, ஹேண்டிலை முழுக்கத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். வார் உரசும் இடங்களில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் பெயின்ட் போய்விடும். புறப்பட்டு அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி எல்லா வாரையும் மறுபடி இறுக்குங்கள். புதுக் கட்டு எப்போதும் தளரும். முதுகில் பை மாட்டாமல் இருக்க முயலுங்கள். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதில் துணி மட்டும்.

படுக்கை

இதில்தான் தூக்கம் இருக்கிறது, இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். எல்லோரும் ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நான் முதலில் பாயைப் பற்றிக் கவலைப்படச் சொல்வேன். ஸ்லீப்பிங் பேக் சூடு தருவது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் காற்றால். நீங்கள் படுத்ததும் உங்கள் அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று போய்விடும். அப்புறம் தரைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது பாய் மட்டும்தான். பாயின் சூடு காக்கும் திறனை 'ஆர்' மதிப்பு என்று குறிக்கிறார்கள். வெதுவெதுப்பான இரவுக்கு 1 முதல் 2, குளிரும் இரவுக்கு 3, உறைபனிக்கு 4க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாயை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டு மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். பாறையும் முள்ளும் உள்ள இடத்துக்கு மடக்கும் ஃபோம் பாய்தான் என் தேர்வு. தடிமனாக இருக்கும், கட்டுவது தொல்லை, ஆனால் பஞ்சர் ஆகாது. காற்றடைத்த பாய் சொகுசுதான். ராத்திரி இரண்டு மணிக்கு 'புஸ்' என்று இறங்கும்வரை.

ஸ்லீப்பிங் பேக்கில் ஐஎஸ்ஓ 23537 தரப்படி மூன்று வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். முதலாவது சௌகரிய அளவு: சாதாரண உடல்வாகுள்ள பெண் குளிராமல், கைகால் தளர்த்திப் படுக்கக்கூடிய அளவு. இரண்டாவது எல்லை அளவு: சாதாரண ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. மூன்றாவது, உயிர் பிழைப்பதற்கான அளவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இரண்டாவதோ மூன்றாவதோதான் இருக்கும். நீங்கள் முதலாவதை மட்டும் பாருங்கள், அதை நீங்கள் கணக்கிட்ட இரவுக் குளிரோடு ஒப்பிடுங்கள்.

பிவி பை காற்றையும் மழையையும் பனியையும் தடுக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வேண்டும் என்பதால் மூச்சு விடும் துணியில் செய்தது நல்லது. பிளாஸ்டிக் தாள் போன்ற அவசரகாலப் பை மலிவு. ஆனால் அதில் படுத்தால் வேர்வையிலேயே குளித்து எழுவீர்கள்.

மூச்சு விடும் துணியும் சர்வரோக நிவாரணி அல்ல. ஒரு முறை விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தேன். கழுத்து ஈரம், ஸ்லீப்பிங் பேக்கின் மேல்பக்கம் சொதசொதவென்று இருந்தது. பை ஒழுகுகிறது, காசு போச்சு என்று திட்டிக்கொண்டே தலையை வெளியே நீட்டினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அத்தனை நட்சத்திரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழையே இல்லை. குளிருக்குப் பயந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இரவு முழுக்கப் பைக்குள்ளேயே மூச்சு விட்டிருக்கிறேன். ஓர் இரவில் மூச்சிலும் தோலிலும் வெளியேறும் ஈரம் ஒரு டம்ளருக்குக் குறையாது; அது குளிர்ந்த துணியில் பட்டால் நீராகாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து தலைக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துக்குத் துண்டு; மூக்கும் வாயும் எப்போதும் வெளியே. இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மழைக்கோ கடும் பனிக்கோ வாய்ப்பிருந்தால் 2 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் இலகுவான தார்ப்பாய் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தார்ப்பாயின் ஒரு விளிம்பைச் சக்கரங்களில் கட்டி, எதிர் விளிம்பைக் காற்று வரும் பக்கம் தரையோடு அடித்துவிட்டால் சாய்ப்பு ரெடி. ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் காலையில் நிமிர்த்தியதும் லீவரைப் பலமுறை அழுத்திப் பாருங்கள்; தலைகீழாக இருந்ததில் காற்றுக் குமிழி நகர்ந்து பிரேக் தொளதொளவென்று இருக்கக்கூடும்.

தண்ணீர், சாப்பாடு

உச்சியில் தண்ணீர் இருக்காது. நீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் ஒரு தடவையாவது மறப்போம். வழியில் மணிக்கு அரை லிட்டர், வெயில் என்றால் இன்னும் கூடுதல். இரவுக்கும் காலைக்கும் சேர்த்து குறைந்தது இரண்டு லிட்டர். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. ஆகவே வீட்டிலிருந்தே சுமக்காமல், ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் எங்கே நிரப்பலாம் என்று வரைபடத்தில் பார்த்து வையுங்கள். ஓடை நீர் என்றால் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கையடக்க வடிகட்டிகள் பாக்டீரியாவைப் பிடிக்கும், பெரும்பாலானவை வைரஸைப் பிடிக்காது.

முதல் பயணத்துக்குச் சமையல் வேண்டாம் என்பது என் கருத்து. அடுப்பு, எரிபொருள், பாத்திரம், அதைக் கழுவத் தண்ணீர் என்று ஒன்றுக்கொன்று வால் பிடித்து வரும். கெடாத சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக. சூடாகக் குடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் சின்ன ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளட்டும். அடுப்பு கொண்டு போனால் வெறும் பாறை மேல் மட்டும் பற்றவையுங்கள், காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். பிவிக்குள்ளோ தார்ப்பாயின் மூடிய மூலையிலோ ஒருபோதும் வேண்டாம்; கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

மீதிச் சாமான்

தலையில் மாட்டும் டார்ச், சைக்கிளுக்கு முன்பின் விளக்கு, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். இரண்டு மாற்று டியூப், பம்பு, டயர் லீவர், செயின் பிரிக்கும் கருவி உள்ள மல்டி டூல், செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று, நாலைந்து கேபிள் டை. முதலுதவிச் சாமான், தினசரி மருந்து. விசில்: உதவி தேவைப்பட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலையேறிகளின் சர்வதேச வழக்கம். குப்பைக்கு ஒரு பை. மண் தோண்டச் சின்னக் கரண்டி. மலம் கழிக்க 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி, எந்த நீர்நிலையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி.

வழி, தங்கும் இடம், மாற்று இடம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். "பத்து மணிக்குள் போன் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும்" என்பதையும் சேர்த்து. இதைப் பலர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். வாய்வார்த்தை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

ஓர் ஒத்திகை

போவதற்கு ஒரு வாரம் முன்பு, மொட்டை மாடியிலோ முற்றத்திலோ இதே பாய், இதே பிவியோடு ஒரு ராத்திரி படுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இருட்டில் ஜிப் எந்தப் பக்கம், டார்ச் எங்கே, பாத்ரூமுக்கு எழ எத்தனை நேரமாகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த நாள் முழுச் சுமையோடு பக்கத்து மேடு எதையாவது ஏறி இறங்குங்கள். சுமையேற்றிய சைக்கிள் பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் அப்போதுதான் புரியும்.

மேலே போனதும்

உட்காராதீர்கள், படம் எடுக்காதீர்கள். முதலில் வேர்வை ஈரமான துணியைக் கழற்றிவிட்டு, தூங்குவதற்கென்று தனியாக வைத்த உலர்ந்த துணியை மாட்டுங்கள். ஏறி வந்த சூட்டில் தேவையில்லை போலத்தான் தோன்றும். பத்து நிமிடம் கழித்துக் காற்று முதுகைத் தொடும்போது தேவை தெரியும், அப்போது நடுங்கிக்கொண்டே மாற்றுவீர்கள்.

அப்புறம் இடத்தை வெளிச்சத்திலேயே தேர்ந்தெடுங்கள். பிவியை விரிக்காமல் வெறும் தரையில் இரண்டு நிமிடம் படுத்துப் பாருங்கள். இடுப்பில் குத்துகிற கல் அப்போதுதான் தெரியும். பாயைப் பிவிக்கு உள்ளே போடுங்கள், உருண்டு விலகாது. ஸ்லீப்பிங் பேக்கை முன்கூட்டியே எடுத்து உதறி வைத்தால் பஞ்சு உப்பிக்கொள்ளும். ஆனால் பனி இறங்க ஆரம்பித்ததும் திறந்து போடாதீர்கள். சைக்கிளைக் கைக்கெட்டும் தூரத்தில் படுக்க வைத்து, வாரை மணிக்கட்டில் இல்லாவிட்டாலும் பாயிலாவது கட்டி வையுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை இறுக மூடி, படுக்கும் இடத்திலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். காலணியைக் கவிழ்த்து ஒரு பைக்குள் போடுங்கள், காலையில் உதறிவிட்டு மாட்டுங்கள்.

போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் குளிரில் பேட்டரி இறங்காது. படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிடுங்கள். வயிறு வேலை செய்தால் உடம்பு சூடாக இருக்கும். நடுராத்திரி சிறுநீர் முட்டினால் சோம்பல்பட்டு அடக்காமல் எழுந்துவிடுங்கள், எப்படியும் தூக்கம் வராது.

முதல் இரவு நன்றாகத் தூங்க மாட்டீர்கள். பக்கத்தில் ஓர் இலை அசைந்தாலும் யானை வருவது போலக் கேட்கும். விட்டு விட்டு நான்கு மணி நேரம் தூங்கினாலே அது நல்ல இரவு.

காலை

வெளிச்சம் வந்ததும் பிவியை உள்வெளியாகத் திருப்பி சைக்கிள் மேல் போடுங்கள். நீங்கள் மூட்டை கட்டும் நேரத்தில் பாதி உலர்ந்துவிடும். படுத்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள்: நசுங்கிய புல்லைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது.

விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது இந்த இறக்கத்தில்தான். தூக்கம் பத்தாத உடம்பு, விறைத்த விரல்கள், பனியில் நனைந்த புல்லும் கல்லும், பின்னால் சுமை. கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வார்களை இறுக்குங்கள். கையை உரசிச் சூடேற்றுங்கள். பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். சந்தேகமாக இருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். ஏறும்போது தள்ளியதற்கு வெட்கப்படாதவர்கள் இறங்கும்போது ஏனோ வெட்கப்படுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத் தூங்கத்தான் தோன்றும். அதற்கு முன் பத்து நிமிடம்: ஸ்லீப்பிங் பேக்கையும் பிவியையும் பையிலிருந்து எடுத்து நிழலான கொடியில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு ஒரு வாரம் சுருண்டு கிடந்த ஸ்லீப்பிங் பேக்கின் வாடை அடுத்த பயணத்தில் மலை உச்சி வரை கூடவே வரும்.